வாபஸ் வாங்கிய கிரகணம்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒரு தரம் எனக்கு மவுசு கூடும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் யாராவது ஒரு படத்தைப் போடுவார்கள். ரோஜா நிறத்தில், பூசணிக்காய் பருமனில், ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் எழும்பும் நிலா. கீழே 'பிங்க் மூன்! தவற விடாதீர்கள்!' என்று இருக்கும். உடனே மூன்றாம் மாடிக்காரர், "சம்பத் அங்கிள், நம்ம மல்லேஸ்வரத்துல எத்தனை மணிக்குத் தெரியும்?" என்று கேட்பார். நான் நேரத்தைச் சொல்லிவிட்டு, நிறம் எப்போதும் போலத்தான் இருக்கும் என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரிக்கு மட்டும் ஒருவரும் கட்டைவிரல் காட்டமாட்டார்கள். ஆனாலும் அன்று சாயங்காலம் மொட்டை மாடி நிரம்பிவிடும். குழந்தைகள் வருவார்கள், காபி பிளாஸ்க் வரும், யாராவது ஒருவர் சுண்டல் கொண்டு வருவார். நிலா வெள்ளையாக வந்து நிற்கும். யாருக்கும் ஏமாற்றம் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் ஒரு கோளரங்கத்தில் வேலை பார்த்தவன். போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நிகழ்ச்சி விளக்குநராகப் புதிதாகச் சேர்ந்தவள். "சார், நம்ம பப்ளிக் போனை எடுத்துடறாங்க. இனிமே மொபைல்ல மெசேஜ் போட்டா மெஷினே பதில் சொல்லிடும். எங்க ஆண்டு மலருக்கு அந்த போனைப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்றாள். மெஷின் நல்லதுதான். அதற்குப் பசிக்காது, கோபம் வராது, டிவியில் முகம் காட்டும் ஆசை வராது. என்னிடம் இந்த மூன்றும் இருந்தன. மூன்றாவதால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு புரொஜெக்டர் அறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் லென்ஸ் துடைத்தேன். மூன்றாம் வருஷம் அட்டவணைகளைப் பார்த்துச் சந்திரோதயம் கணக்கிடக் கற்றுக்கொண்டேன். நாலாம் வருஷம் போன் மேஜைக்கு வந்தேன். அதன் பிறகு பதவி மாறியது, நாற்காலி மாறவில்லை.

அந்த போனுக்கு யார் கூப்பிடுவார்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஊரே கூப்பிடும். மாதாமாதம் தேய்பிறைச் சதுர்த்தி வரும். கன்னடக்காரர்கள் அதைச் சங்கஷ்டி என்பார்கள். நாள் முழுக்க விரதம் இருந்து, நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு போன், அடுப்பில் வைத்த பால் மாதிரி. கண்ணை எடுக்க முடியாது. "சந்திரோதய எஷ்டு கண்டெகே சார்?", எத்தனை மணிக்கு நிலா வரும் என்பதுதான் கேள்வி. சில பேர் நேரத்தைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் சீக்கிரம் வராதா?" என்றும் கேட்பார்கள். பசி கேட்கவைக்கும். அதில் தப்பில்லை.

எனக்கு மேலதிகாரி நாகரத்னா மேடம். கன்னடக்காரர், மல்லேஸ்வரத்திலேயே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கோபம் வந்தால் மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரம், பருத்திப் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய டயல் வாட்ச். மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்கு ஒரு நிமிஷம் முன்னாலும் தொடமாட்டார், பின்னாலும் தொடமாட்டார். போனுக்கு அவர் வைத்த விதி எளிமையானது. எந்த ஊரிலிருந்து பேசுகிறார்கள் என்று கேள், நேரத்தை நிமிஷத்தோடு சொல், வணக்கம் சொல்லி வை. விரதம் இருக்கலாமா, கோயில் நடை சாத்தணுமா, கர்ப்பிணி வெளியே வரலாமா, எதற்கும் வாய் திறக்கக் கூடாது. "நாம ஜோசியரும் அல்ல சம்பத், ஜோசியருக்கு எதிர்க்கட்சியும் அல்ல. நாம டைம் சொல்றவங்க. அதுல மட்டும் பொய் இருக்கக் கூடாது" என்பார்.

பத்திரிகைக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான். நான் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோவேன். மேடம் இரும்பு ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். ஸ்கேல் வரி வரியாக இறங்கும். கையில் பச்சை மசிப் பேனா. 'அரிய' என்று இருந்தால், "மாசாமாசம் வர்றது என்ன அரிய?" என்று ஒரு கோடு. 'கண்கொள்ளாக் காட்சி' என்று இருந்தால், "யார் கண்ணு? உங்களுதா, என்னுதா?" என்று இன்னொரு கோடு. ஒரு பக்கம் உள்ளே போய் ஐந்து வரியாக வெளியே வரும். அந்த ஐந்து வரியில் நாள், நேரம், திசை. என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. பாதிக்கு மேல் பச்சையான தாளைத் திருப்பித் தரும்போது, "நன்னா எழுதியிருக்கீங்க" என்பார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு நிருபர்கள் நிலாவுக்குப் பெயர் கேட்க ஆரம்பித்தார்கள். ஜனவரியில் ஓநாய் நிலா, ஜூனில் ஸ்ட்ராபெரி நிலா, ஆகஸ்டில் ஏதோ ஒரு மீனின் பெயரில் நிலா. எல்லாம் அமெரிக்காவின் காட்டுக்கும் ஆற்றுக்கும் உரிய பெயர்கள். மேடம் பெயருக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். இல்லை. "அந்த மீன் நம்ம மார்க்கெட்ல கிடைக்குமா? கிடைக்காததோட பேர நம்ம தலை மேல ஏன் தொங்கவிடணும்?" என்று கேட்டுவிட்டு, பச்சை மசியில் தன் ஊர்ப் பெயர்களை எழுதித் தந்தார். கன்னடத்தில் பௌர்ணமியை ஹுண்ணிமெ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சித்திரை மாதத்தது தவனத ஹுண்ணிமெ. தவனம் என்றால் நம் மரிக்கொழுந்து. அந்தப் பருவத்தில் பூக்காரி கூடையில் மணக்கும். பூணூல் மாற்றும் பௌர்ணமி நூல ஹுண்ணிமெ. வாசல்படிக்குப் பூஜை செய்கிற மார்கழிப் பௌர்ணமி ஹொஸ்தில ஹுண்ணிமெ. ஜூனில் வருவது கார ஹுண்ணிமெ. மழைக்கு முன்னால் எருதுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி ஓடவிடுவார்கள்.

நம் ஆட்களின் வழி வேறு. நாம் நிலாவுக்குப் பெயர் வைப்பதில்லை. அது எந்த நட்சத்திரத்தோடு வந்து நிற்கிறதோ அந்த நட்சத்திரத்துக்கே திருவிழா எடுத்துவிடுவோம். விசாகம், பூசம், மகம், உத்திரம். நிலா ஏதோ கூடவந்த விருந்தாளி போல நிற்கும். இதை மேடத்திடம் சொன்னேன். "தமிழர்க்கு எல்லாத்துலயும் ஒரு படி மேல கணக்கு" என்று சிரித்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு கார ஹுண்ணிமெ. பத்திரிகைகளுக்கு ஸ்ட்ராபெரி நிலா. அன்றைக்குப் புறநிழல் கிரகணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பூமிக்கு இரண்டு நிழல். நடுவில் கருநிழல், அதைச் சுற்றி மெல்லிய புறநிழல். நிலா கருநிழலுக்குள் போனால் சிவந்து கறுத்து ஊருக்கே தெரியும். புறநிழலை மட்டும் உரசிக்கொண்டு போனால், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பஞ்சாங்கக்காரர்கள் அதைக் கிரகணம் என்று சேர்ப்பதே இல்லை. எங்கள் அட்டவணையில் மட்டும் அது இருக்கும்.

முந்தின நாள், குறிப்பின் கடைசி வரியாக அதை எழுதிக் கொண்டுபோனேன். மாலை நான்கு மணிக்குத் தொடக்கம், எட்டு மணிக்கு முடிவு. ஸ்கேல் அந்த வரிக்கு வந்து நின்றது. "கண்ணுக்குத் தெரியாதத எதுக்கு ஊருக்குச் சொல்றது?" என்று கேட்டு ஒரே கோடு போட்டார். நான் தலையாட்டினேன். ஆனால் மனசு ஆறவில்லை. அதற்கு முந்தின தடவை இதே மாதிரி ஒன்றை நாங்கள் சொல்லாமல் விட்டபோது ஒரு நிருபர், "வேற ஊர்ல சொல்லிட்டாங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தார். அது உள்ளே முள்ளாக இருந்தது. நல்ல பிரதி தட்டச்சு செய்தபோது, அடித்த வரியைக் 'கூடுதல் தகவல்' என்று போட்டு மறுபடி சேர்த்துவிட்டேன். மேடம் தான் திருத்திய குறிப்பை இரண்டாம் தரம் படிக்கமாட்டார். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் தமிழ் சேனல் ஒன்றின் பெங்களூர் நிருபர் கேமராவோடு வந்தார். மேடம் ஒரு மீட்டிங்கில் இருந்தார். நான் பூமி உருண்டைக்குப் பக்கத்தில் நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "பஞ்சாங்கத்தில் போடாத கிரகணங்களும் உண்டு. அவற்றை நாங்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்கிறோம்" என்று முழங்கினேன். ஒளிபரப்பியபோது கீழே 'ரகசிய கிரகணம்!' என்று ஓடவிட்டார்கள். அந்த ஆச்சரியக்குறியும் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குச் சமையலறைக்குப் போனால் அடுப்பு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. ஊறுகாய் ஜாடி மேல் தர்ப்பை. என் மனைவி புவனா சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"டிபன் பாக்ஸ் எங்கே?"

"இன்னிக்குக் கிரகணம். நாலு மணிக்கு ஆரம்பம்னா மூணு யாமம், ஒன்பது மணி நேரம் முன்னாடியே அடுப்பை அணைச்சுடணும். ஏழோட முடிஞ்சது."

"யார் சொன்னா?"

"டிவில ஒருத்தர் சொன்னார். நீலச் சட்டை, முன் வழுக்கை. விஷயம் தெரிஞ்சவராட்டம் இருந்தார்."

நான் பட்டினியோடு ஆபீஸ் போனேன். அங்கே போன் அலறிக்கொண்டிருந்தது. கோயில்காரர்கள் நடை சாத்தணுமா என்று கேட்டார்கள். ஒரு ஹோட்டல்காரர், "இட்லி மாவு அரைச்சு வச்சாச்சு சார், இப்ப சொல்றீங்களே" என்று அழாத குறையாகப் பேசினார். நான் எல்லோருக்கும் விதிப்படி நேரத்தைச் சொல்லி வணக்கம் வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. என் சர்வீஸில் ஊர் முதல் தடவையாகப் பஞ்சாங்கத்தை விட்டு எங்களை நம்பியிருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு பெண் குரல். ரகசியம் பேசுகிற மாதிரி.

"சார், நேத்து டிவில பேசுனது நீங்களா?"

"நான்தாம்மா. எந்த ஊரிலிருந்து?"

"பொம்மனஹள்ளி. எனக்கு டைம் வேணாம் சார். டைமுதான் ஊருக்கே தெரியுமே. எனக்கு ஏழு மாசம். சுகர் இருக்கு. டாக்டரம்மா ஊசி போடச் சொல்லி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சாப்புடணும்னு சொல்லியிருக்காங்க. காலைல ஊசி போட்டுட்டு ஆறு மணிக்கு ரெண்டு இட்லி சாப்புட்டேன். அதோட எங்க அத்தை அடுப்ப அணைச்சிட்டாங்க. நைட்டு எட்டு மணி வரைக்கும் பச்சத்தண்ணி கெடையாதாம். துணி காயப்போடறேன்னு சொல்லிட்டு மாடிக்கு வந்து பேசறேன்."

"உன் பேர் என்னம்மா?"

"கௌசல்யா. அரூர்ப் பக்கம். ஒண்ணு சொல்லுங்க சார். நெலா மேல நெழல் விழுந்தா என் வயித்துக்கு எதுக்கு சார் பூட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. "கையெல்லாம் நடுங்குது சார். வேத்துக் கொட்டுது. இருங்க, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் "கௌசல்யா, கௌசல்யா" என்று கத்தினேன். அடுத்த அறையில் ஸ்கேல் மேஜை மேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

போனில் வேறொரு குரல் வந்தது. மூச்சிரைத்தது. "யாருய்யா நீ? எம் மருமவள இன்னா சொன்ன? இங்க கொடியப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருக்கா!"

"அம்மா, நான் கோளரங்கத்துல இருந்து பேசறேன். முதல்ல அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்க. இந்தக் கிரகணத்துல ஒண்ணும் இல்ல."

"நேத்து டிவில வந்தவரா? நீதானய்யா கெரகணம்னு சொன்ன? பஞ்சாங்கத்துலயே இல்லாதத ஆபீசருங்க கண்டுபுடிச்சிச் சொல்றாங்கன்னு நானே பக்கத்து வூட்டுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஒண்ணும் இல்லங்கற?"

"இருக்கும்மா. ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியலன்னா வயித்துல இருக்கறதுக்குத் தெரியாதா? செரி, ஒரே கேள்வி. உங்க வூட்டுல இன்னிக்கி அடுப்பு மூட்டுனாங்களா?"

மூட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம். இந்த போனில் பொய் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் பழகிய வாய், அந்த நேரம் பார்த்து மூடிக்கொண்டது.

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரை வாங்கியது. மேடம்.

"அம்மா, நான் இந்த ஆபீஸ்ல இவருக்கு மேல இருக்கறவ. மொதல்ல பொண்ணுக்குச் சக்கரைத் தண்ணி கொடுங்க. சண்டைய அப்பறம் போடலாம். நான் லைன்லயே இருக்கேன், எங்கயும் போகமாட்டேன். சக்கரைத் தண்ணி தோஷம் ஆனா அது என்னுது. ஹோகி, போங்க!"

கடைசி வார்த்தை கன்னடமும் தமிழுமாக வந்ததால் மேடத்தின் கோபத்தின் அளவு எனக்குத் தெரிந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கி ஏறுவது போனில் கேட்டது. அந்த இடைவெளியில் மேடம் என்னைப் பார்த்தார். நான் நல்ல பிரதியை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினேன். "நீங்க அடிச்சதை நான்தான் மறுபடி சேர்த்தேன்" என்றேன். அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"குடிச்சிட்டா" என்றது போன். "கண்ணு தொறந்து பாக்கறா. இப்ப சொல்லுங்க."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க பேரு?"

"ராசம்மா."

"ராஜம்மா, உங்க வீட்டுக் காலண்டர்ல இன்னிக்குக் கிரகணம் போட்டிருக்கா?"

"இல்ல."

"காலண்டர் சரி. நாங்க சொன்னது ஊருக்குச் சொல்ற விஷயமே அல்ல, எங்க கணக்குக்கு மட்டும். கண்ணுக்குத் தெரியறததான் உங்க பெரியவங்க கிரகணம்னு எண்ணினாங்க. அதுதான் நியாயம். நான் அந்த வரிய நேத்தே அடிச்சேன். தப்பா வெளிய போயிடுச்சு. இப்ப வாபஸ் வாங்கறேன்."

"வாபஸ்னா? கெரகணமே வாபஸா?"

மேடம் ஒரு விநாடி கண்ணை மூடினார். முப்பது வருஷமாக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைத்தவர். "ஊம். வாபஸ்" என்றார்.

"வாயால சொன்னா ஆச்சா? சீல் போட்டு எழுதிக் குடுங்க."

மேடம் சிரிக்கவில்லை. ஆபீஸ் தாளை எடுத்தார். பச்சைப் பேனாவை மூடிவைத்துவிட்டு நீலப் பேனாவில், தமிழில், எழுத்துக் கூட்டி எழுதினார். 'இன்று பெங்களூரில் கண்ணால் காணத்தக்க கிரகணம் எதுவும் இல்லை. பஞ்சாங்கம் சொல்வது சரி. வழக்கம் போலச் சமைக்கலாம், சாப்பிடலாம்.' கையெழுத்து, பதவி, உருண்டை சீல். நான் அதைப் படம் எடுத்துக் கௌசல்யாவின் மொபைலுக்கு அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து பதில் வந்தது. ஒரு தட்டின் படம், அதில் பாதித் தோசை. கீழே, 'சார் இது நாலாவது.'

அதே வாசகத்தை மேடம் எல்லாப் பத்திரிகைக்கும் சேனலுக்கும் அனுப்பினார். கூட ஒரு வரி: 'தவறான தகவல் வெளிவந்ததற்கு நானே பொறுப்பு.' என் பெயர் அதில் எங்கும் இல்லை. நான் ஏதோ சொல்ல வந்தபோது, "கையெழுத்து யாருது? என்னுது. படிக்காம போட்டது யாரு? நான். போய்ச் சாப்பிடுங்க" என்று தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார். மாங்காய்ச் சித்ரான்னம். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அவரும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

நிலாவைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று சாயங்காலம் ராஜம்மாவை வரச் சொல்லியிருந்தார் மேடம். ஆட்டோவில் இருவரும் வந்து இறங்கினார்கள். மகன் ஷிப்டில் இருந்தான். ராஜம்மா கெட்டிக்காரி. மருமகளுக்குச் சால்வை போர்த்தி, வரவேற்பறையில் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் பரிசோதனைக்குப் புல்வெளிக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம். ஸ்ட்ராபெரி நிலா பார்க்க வந்தவர்கள். மழை மேகம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. மரங்களுக்கு மேலே நிலா வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

ராஜம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தொலைநோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கய்யா நெழலு?"

"இருக்கும்மா. தெரியாது."

"தெரியாதத எதுக்குய்யா டிவில வந்து சொன்ன?"

மேடம் கேட்ட அதே கேள்வி.

"இதுக்கா எம் புள்ளைய பட்டினி போட வச்ச? நீயெல்லாம் படிச்சவன்!" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை வருஷ சர்வீஸில் அவ்வளவு சரியாக என்னை யாரும் திட்டியதில்லை.

திட்டி முடித்தும் அவர் போகவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, பஞ்சாங்கத்துல இல்லாத கெரகணம் இருக்குதுன்னு சொன்னீங்கல்ல. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. போன வருசத்துக்கு முந்தின வருசம் பங்குனி உத்தரம். இவளுக்கு அப்ப அஞ்சு மாசம். நான்தான் வாழக்கா நறுக்கிக் குடுன்னு அருவாமனைல உக்கார வச்சேன். அந்த வாரமே கலைஞ்சி போச்சி. அன்னிக்கி பௌர்ணமிதான, கெரகணம் இல்லன்னு காலண்டர் பாத்துத்தான் உக்கார வச்சேன். ஆனா இந்த மாதிரி மறஞ்ச கெரகணம் ஏதாவது அன்னிக்கி இருந்துச்சா? பாத்துச் சொல்லுவீங்களா?"

கண்ணுக்குத் தெரியாத ஒரு நிழலை நான் டிவியில் வந்து எங்கே கொண்டுபோய் விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவரை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனேன். அலமாரியிலிருந்து கிரகண அட்டவணையை எடுத்தேன். மேடமும் வந்து கதவருகே நின்றார். பக்கத்தைத் திருப்பினேன். அந்த நிமிஷத்தில் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வருஷத்தைக் கண்டுபிடித்தேன். மாதத்துக்கு வந்தேன். ஒன்றும் இல்லை. முந்தின பௌர்ணமியும் சுத்தம், அடுத்த பௌர்ணமியும் சுத்தம். கருநிழல், புறநிழல், எதுவும் இல்லை.

"இல்லம்மா. அன்னிக்கு வெறும் பௌர்ணமி."

"எனக்காவ மறச்சுச் சொல்லலியே?"

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஆங்கிலமும் எண்களும். அதற்கு முந்தின கிரகணம், பிந்தின கிரகணம் என்று நான் காட்டிய இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளை இடத்தில் அவர் விரலை வைத்தார். "இங்க ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, வரவேற்பறைப் பக்கம் திரும்பி, கட்டடமே அதிரக் கத்தினார்.

"கௌசி! அன்னிக்கி ஒண்ணும் இல்லியாம்டி! வெறும் பௌர்ணமியாம்!"

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் வாயில் பிஸ்கட்டோடு திரும்பினாள். "நானும் எத்தன தரம் சொன்னேன் அத்த, உங்க மேல ஒண்ணும் இல்லன்னு. நான் சொன்னா கணக்குல சேராது. பொஸ்தகம் சொல்லணும்!"

"செரி, செரி, எழுந்து வா. சால்வைய எடுத்துக் கடாசு. நெலா பாக்கலாம்."

மாமியாரும் மருமகளும் கைகோத்துக்கொண்டு புல்வெளியில் இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண். செய்தி வந்தபோது கூடவே ஒரு கேள்வியும் வந்தது, பேர் வைக்கிற நாளில் கிரகணம் உண்டா என்று. மேடமே பதில் போட்டார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு புத்தகத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சம்பத், அந்தப் பக்கத்துல அன்னிக்குக் கிரகணம் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன் மேடம்."

"இந்த ஆபீஸ்ல உட்கார்ந்துட்டா?"

"ஆமாம் மேடம்."

"மெமோ கொடுத்திருப்பேன்" என்றார். வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்க்காமலே, "கொடுத்துட்டு, வெளிய போய் அந்த அம்மாகிட்ட நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார்.